நகரத்தின் பொதுப்பணமும் விளையாட்டுக் குழுவும்

சென்ற பருவத்தில் எம் தமிழ் மன்றத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. ஊதியத்திற்கு ஆடும் விளையாட்டுக் குழு ஒன்றைத் தன்பால் நிறுத்திக்கொள்ளுதற்பொருட்டு ஒரு நகரம் பொதுப்பணத்தைச் செலவிடுதல் தகுமா, தகாதா என்பதே பொருள். யாம் 'தகும்' என்னும் கட்சியில் நின்று பேசினோம். நகரின் புகழ், இளைஞரின் ஊக்கம், வணிகத்தின் பெருக்கம் என அடுக்கிக் கூறினோம். கைதட்டல் மிகுதியாயிற்று, வெற்றியும் எம் கட்சிக்கே கிடைத்தது. உண்மையைச் சொல்லின், வென்ற பின்னரே அப்பொருளைப்பற்றிப் படிக்கத் தொடங்கினோம். அன்று எமக்குக் கைதட்டிய நண்பர்கள், படித்ததன் பயனாகிய இக்கட்டுரையையும் பொறுமையோடு நோக்குவார்களாக.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். ஆண்டுப் பெருங்குழுக்கள் பலவும் ஆங்குச் செல்வர் சிலரின் தனியுடைமை. குழு ஆடுதற்குரிய அரங்கையோ பெரும்பாலும் நகரமும், கவுண்டி என்னும் மாவட்ட ஆட்சியும், மாநிலமும் கடன் வாங்கிக் கட்டித் தருகின்றன. கடனை வரி கொடுப்போர் அடைக்கின்றனர். 'புதிய அரங்கு தாரீரேல் வேறு நகருக்குப் போவேம்' என்பது உடைமையாளர் பலர் கையாளும் சொல். அச்சொல்லுக்கு அஞ்சிய நகரங்கள் பல. அவற்றுள் ஒன்றாகிய செயிண்ட் லூயிஸின் வரலாற்றை மட்டும் ஈண்டுச் சற்று விரித்துரைப்போம். அதனை அறிந்தார்க்குப் பிற நகரங்களின் கதை எளிதில் விளங்கும்.

மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது செயிண்ட் லூயிஸ். 1950 ஆம் ஆண்டில் எட்டரை இலட்சம் மக்களுக்கு மேல் வாழ்ந்த அந்நகரில், 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இருந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சத்தினரே. இவ்வாறு மெலிந்துவந்த நகருக்கு, 'நாமும் பெருநகரே' என்று சொல்லிக்கொள்ள ஒரு பற்றுக்கோடு வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அமெரிக்கர் 'புட்பால்' எனக் கூறுவது நாம் காலால் உதைத்தாடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிற் பற்றி ஓடியும் எறிந்தும் முட்டிமோதியும் ஆடுவது. அவ்வாட்டத்திற்குரிய கார்டினல்ஸ் என்னும் குழு 1960 முதல் அந்நகரில் இருந்தது. 1988 இல் அது அரிசோனாவிற்குப் போய்விட்டது.

இழந்த நகரம் வாளா இருக்கவில்லை. தொழுவத்தை முதலிற் கட்டினால் மாடு தானே வரும் என்று எண்ணியதுபோல், குழு ஒன்றும் கைவராத காலத்திலேயே கூரை வேய்ந்த பேரரங்கு ஒன்றைக் கட்டத் தொடங்கிற்று. கடனை அடைத்தற்கும் அரங்கைப் பேணுதற்குமாக மாநிலம் ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் டாலரும், நகரமும் கவுண்டியும் தனித்தனியே 60 இலட்சம் டாலரும் இறுப்பதென ஏற்பாடாயிற்று. 1995 இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ராம்ஸ் என்னும் குழு வந்து சேர்ந்தது. அதனை வரவழைத்தற்பொருட்டு எழுதிய குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அரங்கு 2005 ஆம் ஆண்டிலும் 2015 ஆம் ஆண்டிலும் நாட்டிலுள்ள இத்தகைய அரங்குகளுள் முதற் காற்பங்கினுள் வைத்தெண்ணத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இன்றேல் குழு நீண்ட குத்தகையினின்றும் நீங்கலாம். பிறர் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகும் நாட்டில், இருபதாண்டு பழகிய கட்டடம் முதல் வரிசையில் நிற்றல் எங்ஙனம் கூடும்? கையெழுத்திட்டார் இதனை அறியாதவரா, அறிந்தும் வேறு வழியின்றி இட்டனரா என்னும் ஐயம் எமக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இடையில் நகரம் மகிழ்ந்த நாட்களும் உண்டு. கர்ட் வார்னர் என்பார் முன்னொரு காலத்தில் மளிகைக்கடையில் இரவு வேளையிற் பண்டங்களை அடுக்கிவைக்கும் வேலை பார்த்தவர். அவர் தலைமை ஆட்டக்காரராய் நிற்க, ராம்ஸ் குழு 2000 ஆம் ஆண்டு ஜனவரியில் நாட்டின் தலைமைப் பட்டத்தை வென்றது. அவ்வெற்றி நாளின் ஆரவாரத்தை எந்த வரவுசெலவுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? எம் கட்சியார் இவ்வினாவை எழுப்புவர், எழுப்புவது நியாயமே. இதற்குப் பின்னர் வருவோம்.

விதி குறித்த காலம் நெருங்கிற்று. 2013 இல் நடுவர் குழுவினர், அரங்கைப் புதுக்குதற்கு ராம்ஸ் குழு தந்த திட்டமே ஒப்பந்தத்திற்கு இயைந்தது எனத் தீர்ப்புரைத்தனர். அதற்கு ஏறத்தாழ 70 கோடி டாலர் வேண்டும். நகரம் மறுத்தது. 2016 ஜனவரியில் குழு உடைமையாளர் கூட்டம் முப்பது வாக்குக்கு இரண்டாக இசைய, ராம்ஸ் மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் போயிற்று. அதன் உடைமையாளராகிய ஸ்டான் குரோங்கி மிசூரியிற் பிறந்தவர் என்பதும், செயிண்ட் லூயிஸின் பேஸ்பால் வீரர் இருவரின் பெயர்களையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர் என்பதும் அந்நகரத்தார் மனத்தை எவ்வளவு புண்படுத்தியிருக்கும்! குழு போன பின்னும் கடன் போகவில்லை. 2021 வரை ஆடுவாரில்லா அரங்கிற்கு மக்கள் வரி கொடுத்துவந்தனர்.

இனி, பணக் கணக்கைப் பார்ப்போம். அரங்கு கட்டினால் வணிகம் பெருகும், வேலை பெருகும், வரி வருவாய் பெருகிக் கடன் தானே அடையும் என்பதே எங்கும் சொல்லப்படும் காரணம். மன்றத்தில் யாமும் இதனையே முழங்கினோம். இராபர்ட் பேட் முதலிய பொருள்நூல் வல்லார் குழு வந்த நகரங்களையும் வாராத நகரங்களையும் ஒப்புநோக்கினர். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்னும் இருவர் 1997 இல் பதிப்பித்த பெருநூலும் இதனையே ஆராய்ந்தது. இட்ட பொதுப்பணத்திற்கு ஈடான ஊதியத்தை நகருக்கு ஈட்டித் தந்த அரங்கு ஒன்றேனும் அவர்தம் ஆராய்ச்சியில் அகப்படவில்லை. எத்தனையோ பொருள்களில் மாறுபட்டுப் பூசலிடும் பொருள்நூலார் இவ்வொன்றில் பெரும்பாலும் ஒருமித்து நிற்பது வியப்பே.

இதன் காரணம் அரியதன்று. விடுதி மாணவர் ஒருவர் மாதக் கைச்செலவிற்கு ஐந்நூறு ரூபாய் பெறுகிறார் என்க. அவர் பந்தயச் சீட்டிற்கு முந்நூறு கொடுத்துவிடின், அம்முந்நூறு வாயிலருகிலுள்ள சிற்றுண்டிச் சாலைக்குப் போகாது. பந்தயத்தால் அவருடைய ஐந்நூறு எண்ணூறாகிவிடவில்லை. இடம் மாறிய பணத்தை நகரத்தார் புதிதாய் வந்த பணமாக எண்ணி மயங்குகின்றனர். இன்னும் ஒன்று: சிற்றுண்டிச் சாலைக்காரர் தாம் பெற்றதை இவ்வூரிலேயே அரிசிக்கும் வாடகைக்கும் செலவிடுவார், பெருங்குழுவின் வருவாயிற் பெரும்பகுதியோ ஆட்டக்காரர் சிலருக்கும் உடைமையாளருக்கும் சேர்கிறது. அவர்களுட் பலர் வேற்றூரார். அன்றியும், புட்பால் குழு ஒன்று தன் ஊரில் முறைப்பந்தயம் ஆடும் நாட்கள் ஆண்டிற்கு எட்டோ ஒன்பதோதான். எஞ்சிய நாட்களிற் பிற காட்சிகள் வாய்த்தாலன்றி அரங்கு பூட்டிக் கிடக்கும். சீட்டுக் கொடுப்பார்க்கும் பண்டம் விற்பார்க்கும் அது தரும் வேலை எத்தகையது என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

முதலீடு முற்றும் அழிந்த இடமும் உண்டு. மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகரில் 1975 இல் 5 கோடி 57 இலட்சம் டாலர் செலவிற் கட்டிய அரங்கு, குழு நீங்கிய பின் 2009 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கை 2000 ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்தனர். அதற்கென வாங்கிய கடனோ 2015 வரை உயிரோடிருந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நகரங்கள் கொடுப்பானேன்? அறியாமை மட்டும் அன்று. தேசியப் புட்பால் சங்கத்தில் உள்ள குழுக்கள் 32. அவ்வெண்ணைக் கூட்டுவதும் கூட்டாதிருப்பதும் அவற்றின் உடைமையாளர் கையிலேயே உள்ளன. குழு வேண்டும் நகரங்கள் மிகுதி, குழுக்கள் குறைவு எனும் நிலை நீடிக்கும் வரையில் பேரம் ஒருபக்கமே சாயும். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற மாநகர் 1995 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் புட்பால் குழு இன்றி இருந்தது. இவ்வெற்றிடம் பிற குழுக்களுக்கு நல்லதொரு துருப்புச்சீட்டாயிற்று. 'அங்கே போய்விடுவோம்' என்றால் நகராட்சியார் நடுங்குவர் அன்றோ? ஆட்சியாரும் இதனைத் தடுக்க ஒரு முறை முயன்றனர். 1986 ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின்படி, தனியார்க்குப் பயன்படும் அரங்கின் கடனில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அரங்கின் வருவாயிலிருந்தே அடைக்கப்படுமாயின், அக்கடன் பத்திரங்களுக்கு வரிச்சலுகை இல்லை. இதனால் பொதுப்பணம் அரங்கிற்குப் போவது நிற்கும் என எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. சலுகையை இழக்க மனமில்லாத நகரங்கள், அரங்கின் வருவாயைக் குழுவிற்கே விட்டுவிட்டு, கடனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பொது வரியிலிருந்தே அடைக்க முன்வந்தன. வேலி கட்டப் போய் வாயிலை அகலத் திறந்துவிட்டதுபோல் ஆயிற்று.

பணத்தால் அளக்க இயலாத பயனை இனி நோக்குவோம். இதில் எம் பழைய கட்சியை முற்றும் கைவிட எமக்கு மனம் இல்லை. 1984 மார்ச்சு மாதத்தில் ஓர் இரவு, பால்டிமோர் நகரின் கோல்ட்ஸ் குழு தன் பொருள்களை எல்லாம் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குச் சென்றது. பொழுது விடிந்தபோது பல ஆண்டுப் பழக்கம் அந்நகரை விட்டு அகன்றிருந்தது. அதே பால்டிமோர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், புதிய அரங்கு தருவதாகக் கூறிக் கிளீவ்லாந்து நகரின் குழுவைத் தன்பால் இழுத்துக்கொண்டது. தான் பட்ட துன்பத்தைப் பிறர்க்குச் செய்தது என்க. கிளீவ்லாந்து நகரம் வழக்காடிப் பெற்றது யாது எனின், பணத்தினும் முதன்மையாக, குழுவின் பெயரும் நிறமும் வரலாறும்! ஆட்டக்காரர் போகலாம், 'பிரௌன்ஸ்' என்னும் பெயர் எமக்கே என்றனர். 1999 இல் அப்பெயரோடு புதுக் குழு வந்தது. பெயருக்காக வழக்காடும் மக்களின் அன்பை வெறும் மயக்கம் எனத் தள்ளிவிடுதல் எளிதன்று.

அவ்வன்பிற்கும் அளவு காண முயன்றோர் உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் பனிவளைகோற் குழு நீங்காதிருத்தற்கு நீவிர் எவ்வளவு கொடுப்பீர் என அந்நகரத்தாரை உசாவி, அவர் சொன்னவற்றைத் தொகுத்து மூவர் 2001 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அன்பு பொய்யன்று, பந்தயம் பார்க்கப் போகாதாரும் தருவோம் என்றனர். ஆயினும் தொகுத்த தொகை புதிய அரங்கின் விலைக்கு மிகக் குறைவாகவே நின்றது. யாம் இதிலிருந்து கொள்வது இது: விளையாட்டுக் குழு நகருக்கு முதலீடு அன்று, பூங்காவும் திருவிழாவும் போல விரும்பிச் செய்யும் செலவு. செலவு என்றே சொல்லி, இவ்வளவு என்று விலை காட்டி, மக்களிடம் கேட்பாராயின் குற்றமில்லை. ஊதியம் வரும் என்று சொல்லிக் கேட்பதே பிழை. மன்றத்தில் யாம் செய்த பிழையும் அதுவே.

அன்பை வேறு வகையாற் காட்டிய ஊரும் ஒன்றுண்டு. விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரின் மக்கட்டொகை ஏறத்தாழ ஒரு இலட்சமே. 1919 இல் தோன்றிய அதன் பாக்கர்ஸ் குழு 1923 முதல் ஊராரின் பங்குகளால் நடைபெறும் ஆதாயமில்லா நிறுவனம். பங்குடையார் இப்போது ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர். பங்கிற்கு ஊதியம் இல்லை. விற்று இலாபம் பெறவும் இயலாது. ஆதலின் அக்குழுவை வண்டியேற்றிக் கொண்டுபோவார் ஒருவரும் இலர். அவ்வூராரும் அரங்கைப் புதுக்குதற்கு 2000 ஆம் ஆண்டில் விற்பனை வரி ஒன்றை வாக்களித்து ஏற்றனர்; 2015 இல் அவ்வரி முடிவுற்றது. தம் உடைமைக்குத் தாமே கொடுத்த வரி அது. பிற நகரங்களும் இவ்வழியே செல்லலாமே எனின், சங்கத்தின் விதிகள் இன்று அதற்கு இடந்தருவதில்லை.

செயிண்ட் லூயிஸ் நகரத்தாரிடம் 2017 ஏப்ரலில் மீண்டும் ஒரு வினா வந்தது. நாம் ஆடும் கால்பந்திற்குரிய குழு ஒன்று வருதற்கு அரங்கு கட்ட 6 கோடி டாலர் பொதுப்பணம் தருவீரா என்பதே அது. பூனை சூடுபட்டுவிட்டது, வாக்காளர் மறுத்தனர். குழு இனி வாராது என்றே பலர் எண்ணினர். ஆனால் அந்நகரத்துச் செல்வக் குடும்பம் ஒன்று முன்வந்தது. சில வரிச்சலுகைகள் தவிரப் பெரும்பாலும் தனியார் பணத்தாலேயே அரங்கு எழுந்தது. 2023 இல் ஆடத் தொடங்கிய அக்குழு தன் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றது.

ராம்ஸ் குழு நீங்கியது சங்கத்தின் இடமாற்ற விதிகளுக்கு மாறானது என்று அந்நகரமும் கவுண்டியும் அரங்கின் ஆட்சிக்குழுவும் 2017 இல் வழக்குத் தொடுத்தன. 2021 நவம்பரில், விசாரணை தொடங்கும் முன்னரே, சங்கமும் குரோங்கியும் 79 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டனர். வழக்கறிஞர் ஊதியமாக மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் கழிந்தது. நகரத்திற்கு வந்த பங்கை எதற்குச் செலவிடுவது என்று மன்றத்தார் நெடுநாள் வாதிட்டனர். 2025 மே மாதத்தில் அந்நகரின் வடபகுதியைச் சூறாவளி தாக்கி வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. அப்போது, போன குழுவால் வந்த அந்நிதியிலிருந்து 3 கோடி டாலரை, வீடிழந்தார் துயர் தீர்க்க நகரம் ஒதுக்கிற்று.