பாட்டு இனிக்க இன்னொரு பெட்டி வேண்டுமா?

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பாட்டுக் கேட்கும் இளையர்கள் பலரின் மேசையில் இப்போது உள்ளங்கை அளவிலான பெட்டி ஒன்று இருக்கிறது. 'டேக்' என்பது அதன் பெயர். மின்னிலக்கக் கோப்பில் எண்களாக இருக்கும் இசையை, ஒலிபெருக்கியும் ஹெட்ஃபோனும் ஏற்கும் மின் அலையாக மாற்றித் தருவது அதன் வேலை.

அதை வாங்கிய சில மாதங்களில் அடுத்த ஆசை முளைக்கும். கூடவே வந்த சின்ன அடாப்டரை ஒதுக்கிவிட்டு, 'லீனியர் பவர் சப்ளை' எனும் கனமான பெட்டியைப் பொருத்தினால் இசை இன்னும் தெளிவாகும் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத என் அக்கா மகனும் அப்படித்தான் வந்து கேட்டான்: "மாமா, 300 வெள்ளி சொல்றாங்க. வாங்கலாமா?" அவனுடைய டேக்கின் விலையே 180 வெள்ளிதான்.

இரண்டு வகை

சுவரிலிருந்து நமக்குக் கிடைப்பது 230 வோல்ட் மாறுமின்சாரம். டேக்குக்கு வேண்டியதோ பெரும்பாலும் 5 அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரம். சாதாரண அடாப்டர் இந்த மாற்றத்தைச் செய்ய, மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டு அனுப்புகிறது. அதனால்தான் அது சிறியதாகவும் மலிவாகவும் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் மின் இரைச்சலும் கிளம்பும். லீனியர் வகையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கனம், சூடு, விலை எல்லாமே அதிகம். அந்த அதிவேக இரைச்சல் மட்டும் இல்லை.

இதுவரை விற்பவர் சொல்வது சரி. ஆனால் ஒழுங்காக வடிவமைத்த டேக், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர்களும் கெபாசிட்டர்களும் அதை மறுபடியும் வடிகட்டுகின்றன. அடாப்டர் கிளப்பும் இரைச்சலின் பெரும்பகுதியும் மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது.

பூவா, தலையா?

என்னிடம் லீனியர் பெட்டி ஒன்று இருந்தது. வோல்ட் அளவும் பிளக்கின் பிளஸ், மைனஸ் பக்கங்களும் பொருந்துகின்றனவா என்று முதலில் சரிபார்த்தோம். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் நாணயம் சுண்டினேன். பூ என்றால் அடாப்டர், தலை என்றால் லீனியர். அதே பாட்டு, அதே ஒலியளவு.

10 தடவையில் 6 முறை சரியாகச் சொன்னான். வெறும் ஊகத்திலேயே சராசரியாக 5 வரும். 9 அல்லது 10 வந்திருந்தால் யோசிக்கலாம். ஊகத்தில் அது நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். ஆனால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது "பேஸ் நல்லாருக்கு மாமா" என்றவனும் அவனே. அவன் பொய் சொல்லவில்லை. கண் பார்த்ததைக் காதும் நம்பிவிடுகிறது. நம் எல்லாருக்கும் அப்படித்தான்.

ஒரு வீட்டில் நடந்த சோதனை எல்லா டேக்குக்கும் தீர்ப்பாகாது. ஆனால் உங்கள் வீட்டுக்கான பதிலை நீங்களே இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

முனகல் கேட்டால்?

பாட்டு ஓடாத நேரத்திலும் முனகலோ கீச்சொலியோ கேட்டால் கோளாறு உண்மையானது. அப்போதும் உடனே பணத்தை எடுக்காதீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால், அது பெரும்பாலும் யுஎஸ்பி கம்பி வழியாக வருகிறது. டேக்குக்குப் புது பவர் சப்ளை வாங்கினாலும் அந்த வழி அடைபடாது. தொலைக்காட்சியோடு இணைத்திருப்பவர்கள் ஆப்டிகல் கம்பிக்கு மாறலாம். அதில் போவது வெளிச்சம். மின் இரைச்சல் அதில் ஏறி வராது.

சத்தம் நிற்கவில்லையா? 5 வோல்ட் டேக் என்றால், அடாப்டருக்குப் பதில் பவர் பேங்க்கை மாட்டிப் பாருங்கள். இப்போது அமைதியானால் அடாப்டர்மீது சந்தேகப்படலாம். அதே வோல்ட்டில் தரமான வேறொரு அடாப்டரே போதுமானதாக இருக்கலாம். எதை வாங்கினாலும் சிங்கப்பூரில் 'சேஃப்டி மார்க்', மலேசியாவில் 'சிரிம்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

முனகல் இல்லாத வீட்டில், அந்த 300 வெள்ளியை நல்ல ஹெட்ஃபோனிலோ ஒலிபெருக்கியிலோ போடுங்கள். அங்கே வித்தியாசம் தெரிய நாணயம் சுண்ட வேண்டியதில்லை. வீட்டில் பாட்டியே சொல்லிவிடுவார்.