குறையாத அமானிதம்

பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, ஆண்டிப்பட்டிக்கு அருகில் அமைந்துள்ளது வைகை அணை. 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இவ்வணையின் முதல் நோக்கம் பாசனமே. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீரும், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பி இங்கு வந்து சேர்கிறது.

மதுரை வட்டார வயல்களுக்குத் திறக்கப்படும் நீரின் விசை வீணாகாவண்ணம், 1990-இல் அணையடியில் சிறு புனல்மின் நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. தலா 3 மெகாவாட் திறனுடைய இரண்டு மின்னாக்கிகள் அதில் உள்ளன. உயரத்தே தேங்கிய நீர் விரைந்திறங்கிச் சுழலியைச் சுழற்ற, அதனோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது.

சுழலி கொள்வது நீரின் விசையை மட்டுமே, நீரை அன்று. அமானிதத்தைக் குறையாது ஒப்படைக்கும் நேர்மையாளரைப் போல், அந்நீரை அப்படியே உழவருக்கு விடுக்கிறது. நீர்திறப்பு நின்றால் மின்னாக்கமும் நிற்கும். கழனிக்கே முதலுரிமை, விளக்குக்கு அதன் பின்னரே இடம். பிறர் உரிமையில் குறைவைக்காமல் பயன்கொள்ளும் இந்நெறி நமக்கும் உரியதன்றோ?