குற்றவியல் வினாவுக்கு விடை வகுக்கும் முறை

சட்டத் தேர்வில் மாணவர் இடறுவது பெரும்பாலும் சட்டம் அறியாமையால் அன்று. அறிந்ததை நிரல்பட அமைக்காமையாலாகும். வினாவிற் கூறப்பட்ட நிகழ்ச்சியைப் படித்தவுடன் உள்ளம் ஒரு பக்கம் சாய்கின்றது. முடிவு முந்துகின்றது, காரணங்கள் பின்னர்த் தேடப்படுகின்றன. குற்றவியல் விடைக்கு இதனினும் பெருங்கேடு வேறில்லை.

ஊவா மாகாணத்துத் தோட்ட வாழ்வையொட்டிய ஒரு வினாவைக் கொள்வோம். பசறைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்த தொழிலாளி வேலையினின்று நீக்கப்படுகின்றான். லயன் அறையை விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டும் அவன் போகவில்லை. பதுளை நீதவான் நீதிமன்றத்தில் அவன்மீது குற்றமுறை அத்துமீறல் வழக்குத் தொடரப்படுகின்றது. அவன் குற்றவாளியா?

முதற்கண் சட்டத்தின் சொல்லைக் கூறல் வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு இக்குற்றத்தை வரையறுக்கின்றது. அதனைக் கூறுகளாகப் பிரித்தல் அடுத்த படி: பிறரது இருப்பிலுள்ள ஆதனம், அதனுட் புகுதல், அன்றேல் முறைப்படி புகுந்தவன் முறையின்றித் தங்குதல், குற்றம் புரியும் நோக்கம், அல்லது அங்கிருப்போரை அச்சுறுத்தும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கம்.

பின்னர் ஒவ்வொரு கூற்றையும் நிகழ்ச்சியோடு பொருத்துக. ஐயமற்றவற்றை ஓரிரு வாக்கியத்தில் முடித்து, பிணக்குள்ள கூற்றில் நின்று வாதித்தலே சிறந்த விடையின் இலக்கணம். இங்குப் பிணக்குள்ளது நோக்கமே. அவன் தங்குவது தோட்டத்துரைக்குத் தொல்லையாகும் என்பதை அவன் அறிவான். அவ்வறிவு ஒன்றே நோக்கமாகுமா?

இவ்வினாவுக்கு 1950இல் செல்வநாயகம் வழக்கில் கோமறைக் கழகம் விடை கூறிற்று. அறிவித்தலின் பின்னும் தோட்டத்தை விட்டு நீங்காத தொழிலாளியின் வழக்கே அது. தொல்லை விளையும் என முன்னறிதல் போதாது. தொல்லைப்படுத்துதலே முதன்மை நோக்கமென வழக்குத் தொடுநர் நிறுவுதல் வேண்டும். உரிமையுண்டென உண்மையாகவே நம்பினவனின் செயல், அந்நம்பிக்கை சட்டத்திற் பிழையாயினும், அதனால் மாத்திரம் குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். இந்திய உச்ச நீதிமன்றமும் மாத்ரி வழக்கில் அறிவு வேறு, நோக்கம் வேறு என விளக்கிற்று.

வழக்கின் பெயரை எழுதுதல் மட்டும் விடையாகாது. அதன் நியாயம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் காட்டுதல் வேண்டும். அத்தொழிலாளி துரையை அச்சுறுத்தவே தங்கினான், உரிமை என்பது வெறும் போர்வை எனச் சான்று இருப்பின் முடிவு மாறும். மேலும், குற்றமில்லை என்பதனால் லயன் அறையில் வாழும் உரிமை அவனுக்கு உறுதியாயிற்று என்பதன்று. அது குடியியல் நீதிமன்றம் ஆராயவேண்டிய வேறு வினா. இவ்விரண்டையும் கலந்தெழுதுவோர் பலர்.

இறுதியிலேயே முடிவு வருதல் வேண்டும்: நோக்கம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவப்பட்டதா, இல்லையா என்பதே அது. இரக்கத்தால் விடுவிப்பதும் வெறுப்பால் தண்டிப்பதும் விடையாகா.

இவ்வொழுங்கு புள்ளி பெறுவதற்கு மாத்திரம் உரியதன்று. வேலையும் வீடும் ஒருவர் கையிலேயே இருந்த மக்களுக்கு, வேலை போனவுடன் வீட்டிலிருப்பதும் குற்றமாகிவிடாமற் காத்தது, ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே நிறுவப்படல் வேண்டும் என்னும் இவ்விதியே. தேர்வுத்தாளில் இதனைப் பழகாதவர் நீதிமன்றத்தில் இதனைக் கடைப்பிடித்தல் அரிது.