டெஸ்க்குக்கு வாடகை கட்டும் பசங்க

நீங்க உட்கார்ற பெஞ்சுக்கு மாசாமாசம் வாடகை கட்டணும்னு ஹெச்ஓடி சொன்னா எப்படி இருக்கும்? அமெரிக்காவில் பல பள்ளி ஆசிரியர்கள் இதை நிஜமாவே செய்றாங்க. பேர் கிளாஸ்ரூம் எகானமி.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பில் ஒரு வேலை இருக்கும்: போர்டு துடைப்பது, நோட்டு வாங்கி அடுக்குவது, மத்தவங்க கணக்கைப் பார்க்கும் பேங்க்கர் வேலைகூட உண்டு. டீச்சர் அச்சடித்த நோட்டில் சம்பளம். அதிலிருந்து டெஸ்க் வாடகை கட்டணும். ஹோம்வொர்க் முடிச்சா போனஸ், சண்டை போட்டா ஃபைன். மிச்சம் பிடித்ததை வைத்து ஏலத்தில் பென்சிலோ பொம்மையோ வாங்கலாம்.

இதன் வேர் பள்ளிக்கூடத்தில் இல்லை, மனநல மருத்துவமனையில். 1960-களில் இல்லினாய் மாநிலத்தின் அன்னா மருத்துவமனையில் அய்லன், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள், நோயாளிகள் தங்களைப் பார்த்துக்கொண்டாலோ வேலை செய்தாலோ டோக்கன் கொடுத்தார்கள். டோக்கனைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். 1968-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார்கள்.

ஏன் வேலை செய்யுது? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஒரே வரி: ஃபீட்பேக்கில் டிலே கம்மி. 'நல்லா படிச்சா பத்து வருஷம் கழிச்சு நல்லா இருப்ப' என்பது எட்டு வயசுப் பையனுக்குக் கேட்கவே கேட்காது. கையில் விழும் நோட்டு உடனே புரியும்.

ஆனா ஏற்கெனவே பிடிச்ச விஷயத்துக்குச் சம்பளம் கொடுத்தால் கதை மாறுது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையப் பிடித்த நர்சரிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 'வரைந்தால் பரிசு' என்று முன்னாடியே சொல்லிக் கொடுத்த குழு, ஒன்றிரண்டு வாரம் கழித்து மற்ற பிள்ளைகளைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழுவுக்கு ஆர்வம் குறையவில்லை.

ஃபைன் இன்னும் மோசம். இஸ்ரேலில் ஹைஃபா நகரின் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளையைக் கூட்டிப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் லேட்டாக வந்தால் 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். லேட்டாக வருவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது! டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், அது காசு கொடுத்து வாங்கும் சேவை ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. (அட்டெண்டன்ஸ் குறைஞ்சு காண்டோனேஷன் ஃபீஸ் கட்டினவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.)

எனக்கு உறுத்துவது இன்னொன்று. வீட்டில் தம்பியைக் கிளப்பிவிட்டு லேட்டாக வரும் பெண்ணும், கேம்ஸ் ஆடிட்டு லேட்டாக வரும் பையனும் ஒரே ஃபைன்தான் கட்டணும். ஒரு பிள்ளை இரண்டாவது வாரமே கடனில் விழுந்தால், மிச்ச நாளெல்லாம் ஒழுங்கா இருக்க அதுக்கு என்ன காரணம்?

அதனால வார இறுதியில் அரசுப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பு எடுக்கிறவங்க யாராவது இதை முயற்சி பண்ணினா, ஃபைனை விட்டுடுங்க. போர்டு துடைக்கக் காசு கொடுங்க, கதைப் புத்தகம் படிக்கக் கொடுக்காதீங்க. கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி வாடகையை வையுங்க. நோட்டில் மறக்காம கையெழுத்துப் போடுங்க, ஜெராக்ஸ் கடை பக்கத்துலயே இருக்கும்!