எண் பெரிதாயின் வேகமும் பெரிதாகுமா?

உயர்தர வகுப்பு மாணவனொருவன் சென்ற மாதம் இரண்டு விலைப்பட்டியல்களைக் கையிலேந்தி என்னிடம் வந்தான். இரண்டும் மேசைக் கணனிகளுக்குரியவை. ஒன்றிலே முறைவழியாக்கிக்கு நேரே பொறிக்கப்பட்டிருந்த கிகாஹேர்ட்ஸ் எண் மற்றதிலும் பெரிது. விலையோ சற்றுக் குறைவு. “எண் பெரிது, விலை குறைவு, இதை விட்டு மற்றதை வாங்குவது பேதைமையல்லவா, சேர்?” என்று கேட்டான். அவனுடைய தந்தையாரோ, விலை கூடியதே நல்லது என்னும் கொள்கையுடையவர். வீட்டிலே இரண்டு நாட்களாக இதே வாக்குவாதமாம்.

இருவரும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. எனினும் இவ்விருவரையும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உலகத்தின் பெரும்பகுதியே ஒரு காலத்தில் இவ்வெண்ணின் பின்னால் ஓடியதுண்டு. அந்த வரலாற்றையே அவனுக்கு எடுத்துரைத்தேன்.

கணனியின் உள்ளே கணக்கிடும் தொழிலைப் புரியும் சில்லுக்கே முறைவழியாக்கி என்று பெயர். அது ஒரு துடிப்புக்கு இயைந்து இயங்குகின்றது. ஒரு கிகாஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு நூறு கோடித் துடிப்புக்கள். துடிப்புக் கூடினால் வேலையும் கூடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் நம்மூர்த் தோட்டக் கிணறுகளிலே துலா மிதித்து நீரிறைத்த காலத்தை முதியோர் மறந்திரார். துலா நிமிடத்திற்கு எத்தனை முறை தாழ்ந்தெழுந்தது என்பதை மட்டும் எண்ணி, பாய்ந்த நீரின் அளவைக் கூற இயலுமா? பட்டை எவ்வளவு பெரிது என்பதையும் அறிய வேண்டுமன்றோ? முறைவழியாக்கிக்கும் ஒரு பட்டை உண்டு. ஒரு துடிப்பிலே அது செய்து முடிக்கும் வேலையின் அளவே அது. விலைப்பட்டியலில் துலாவின் வேகம் அச்சாகின்றது. பட்டையின் அளவு அச்சாவதில்லை.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் அத்லோன் ஒரு கிகாஹேர்ட்ஸை எட்டியது. இரண்டே நாட்களில் இன்ரெல் நிறுவனத்தாரும் தமது பென்ரியம் 3ஐ அதே எண்ணிற்குக் கொணர்ந்தனர். அவ்வாண்டு நவம்பரில் இன்ரெல் வெளியிட்ட பென்ரியம் 4, எடுத்த எடுப்பிலேயே 1.4, 1.5 என்னும் எண்களோடு வந்தது. வாங்குவோர் வியந்தனர். ஆயினும் அன்று வழக்கிலிருந்த பல செய்நிரல்களை இரண்டிலும் இயக்கி நேரம் கணித்தோர், 1.2 கிகாஹேர்ட்ஸ் அத்லோன் 1.5 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4உக்கு ஒப்பாகவும், சிலவற்றில் அதனை முந்தியும் ஓடக் கண்டனர்.

காரணம் யாது? வீட்டுக் கூரைக்கு ஓடு ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். அதே தூரத்திற்குப் பத்துப் பேருக்குப் பதிலாக இருபது பேரை நிறுத்தினால், ஒவ்வொருவரும் கையை நீட்டும் தூரம் குறையும். ஆகவே கைமாற்றும் வேகம் கூடும். முறைவழியாக்கியும் ஒவ்வொரு கட்டளையையும் இவ்வாறே பல கட்டங்களாகப் பிரித்துக் கைமாற்றுகின்றது. பென்ரியம் 3இல் 10 கட்டங்கள். அத்லோனிலும் முழுவெண் கணக்குகளுக்கு 10 கட்டங்களே. பென்ரியம் 4இலே இவை 20 ஆயின. துடிப்பெண் உயர்ந்ததன் இரகசியம் இதுதான்.

இப்பொழுது, மேலே நிற்கும் மேசன், “இந்த ஓடு வேண்டாம், மற்றக் குவியலிலிருந்து தாருங்கள்” என்று கூவுகின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையிலே கைகளில் இருக்கும் ஓடுகள் யாவும் வீண். பத்துப் பேர் நின்றால் பத்து ஓடுகள். இருபது பேர் நின்றால் இருபது. செய்நிரல்களிலும் “ஆமெனில் இவ்வழி, அன்றெனில் அவ்வழி” என்னும் சந்திகள் அடிக்கடி வருகின்றன. எவ்வழி செல்ல நேரும் என்று முறைவழியாக்கி முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் பெரும்பாலும் சரியாகும். தவறும்போதோ வரிசை முழுவதையும் காலிசெய்து மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீண்டதாயின் இழப்பும் நீண்டதே.

இன்ரெல் பொறியியலாளர் இதனை அறியாதவரல்லர். ஊகிக்கும் பகுதியைத் திருத்தமாக அமைத்தே இழப்பைக் குறைக்க முயன்றனர். நிகழ்படத்தைச் சுருக்குதல் போன்று, ஒரே தன்மையான கணக்குகள் நீண்டு தொடரும் வேலைகளில் பென்ரியம் 4 நன்றாகவே ஓடியது. எனினும் பெட்டியில் உள்ள எண்ணைக் கண்டே வாங்குவோர் பலர் என்பதும் நிறுவனத்தாருக்குத் தெரியாததன்று.

ஏ.எம்.டி. நிறுவனத்தார் இதற்குக் கண்ட பரிகாரம் வேடிக்கையானது. 2001ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியான அத்லோன் எக்ஸ்பி வகையில் உண்மைத் துடிப்பெண்ணைப் பெயரிலே கூறாது விட்டனர். 1.53 கிகாஹேர்ட்ஸில் ஓடிய சில்லுக்கு 1800+ என்று பெயர். தமது பழைய அத்லோனோடு ஒப்பிட்டே இவ்வெண் இடப்பட்டது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பென்ரியம் 4ஓடு ஒப்பிட்டதாகவே கடைத்தெரு அதனை விளங்கிக்கொண்டது. தொடக்கத்தில் அப்பெயர் பெரிதும் பொருந்தியது. 2003இலே 2.2 கிகாஹேர்ட்ஸில் ஓடிய 3200+ வந்தபோதோ நிலைமை மாறிவிட்டது, 3.2 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 பல வேலைகளில் அதனை முந்தியது. பொய்த்த எண்ணைத் திருத்த வந்த எண்ணும் பொய்த்தது!

இன்ரெல்லின் ஓட்டமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2004 பெப்ரவரியில் வந்த பென்ரியம் 4இல் கட்டங்கள் 31 ஆயின. எதிர்பார்த்தபடி துடிப்பு உயரவில்லை, வெப்பமே உயர்ந்தது. 3.8 கிகாஹேர்ட்ஸ் சில்லுக்கு 115 உவாற்று வெப்பத்தை அகற்றவல்ல குளிராக்கி வேண்டுமென நிறுவனமே வகுத்தது. 4 கிகாஹேர்ட்ஸ் சில்லு வருமென்று வாக்களித்திருந்தவர்கள், 2004 ஒக்டோபரில் அதனைக் கைவிட்டனர். நிறுவனத் தலைமை அதிகாரியாயிருந்த கிறேக் பரற் அம்மாதமே ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு அதற்காக மன்னிப்பை வேண்டினார். பாதி விளையாட்டாகச் செய்ததுதான். ஆயினும் மறக்கத்தக்க காட்சியன்று.

2006ஆம் ஆண்டு யூலையில் அதே நிறுவனம் வெளியிட்ட கோர் 2 டுவோவிலே கட்டங்கள் 14 மட்டுமே. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடிய அச்சில்லு, 3.8இல் ஓடிய பென்ரியம் 4ஐ எளிதில் வென்றது. வெப்ப அளவோ 65 உவாற்று. துலாவின் வேகத்தைக் குறைத்துப் பட்டையைப் பெரிதாக்கினர் என்க.

இவ்வளவையும் கேட்ட மாணவன், “அப்படியானால் எதைக் கொண்டு ஒப்பிடுவது?” என்றான். நியாயமான கேள்வி. ஒரே வேலையை இரண்டிலும் கொடுத்து, முடிக்க எடுத்த நேரத்தை அளப்பதே வழி. ஆனால் எந்த வேலையை? ஒரு கணக்கை எழுதிக் காட்டினேன். முதற் கணனி நிகழ்படமொன்றைத் தொகுக்க 10 நிமிடமும், பெரிய செய்நிரலொன்றைத் தொகுக்க 40 நிமிடமும் எடுக்கின்றது. இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். இரண்டையும் ஒவ்வொரு முறை செய்வோனுக்கு மொத்தம் 50உக்கு 40, இரண்டாவதே மேல். ஒரு செய்நிரலுக்கு ஐந்து நிகழ்படம் தொகுப்போனுக்கோ 90உக்கு 120, முதலாவதே மேல். கணனிகள் மாறவில்லை, வாங்குவோன் மாறினான். விற்பனையாளர் தமக்குச் சாதகமான வேலையைத் தேர்ந்து பட்டியலிட்டால் ஒரு பொய்யும் கூறாமலே நம்மை மயக்கலாம். பென்ரியம் 4இன் திறன் அளவீடுகள் பற்றியே அமெரிக்காவில் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. குற்றச்சாட்டை மறுத்த இன்ரெல், 2014இல் உடன்பாட்டிற்கு வந்து, முற்காலத்தில் வாங்கியோருக்கு 15 டொலர் வழங்க இசைந்தது.

இன்றைய சில்லுகளில் வேறொரு சங்கடமும் உண்டு. அச்சிடப்படும் பெரிய எண், சில்லு எட்டக்கூடிய உச்ச வேகம். எல்லாக் கூறுகளும் ஒருங்கே உழைக்கும்போது அவ்வேகம் நிற்பதில்லை. சூடேறினாற் பின்னும் தாழும். குளிரூட்டிய அறையில் அளந்த நேரத்தை, பங்குனி வெயிலில் நம் வீட்டு அறையிலும் அவ்வாறே எதிர்பார்த்தல் ஆகாது. ஆகவே ஒரு நிமிடச் சோதனை போதாது. அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மாணவன் தன் கலைவிழா நிகழ்படத்தை ஒரு சிறிய நினைவகக் கோலில் ஏற்றிக்கொண்டு கடைக்குச் சென்றான். கடைக்காரர் முதலில் முகஞ்சுளித்தாராம். பின்னர் தாமே ஆர்வங்கொண்டு இரண்டிலும் ஓட்டிப் பார்த்தாராம். சிறிய எண்ணுடைய கணனி ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி முடித்தது. விலை கூடியதும் அதுவே ஆகையால், தந்தையார் இப்பொழுது தம் கொள்கை வென்றதாக ஊரெங்கும் சொல்லி வருகின்றார்.