பாட்டு தெரியும், எழுதியவரைத் தெரியுமா?

"மன்மத லீலையை" என்று யாராவது முணுமுணுத்தால் போதும். "ஓ! பாகவதர் பாட்டு!" என்பார்கள்.

1944-ல் வெளிவந்த "ஹரிதாஸ்" படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரல் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. ஆனால், அந்தப் பாட்டை எழுதியவர் யார்?

மயிலாப்பூரில் வாழ்ந்த பாபநாசம் சிவன்!

அவருடைய இயற்பெயர் ராமையா. 1890 செப்டம்பர் 26-ந்தேதி, அந்நாளைய தஞ்சை ஜில்லா போலகம் கிராமத்தில் பிறந்தார். ஏழு வயதில் தந்தை இறந்தார். தாயார் பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே ராமையா வடமொழி படித்தார். நீலகண்ட சிவனின் பஜனை அவரைக் கவர்ந்தது. தாயாரும் மறைந்த பிறகு ஊர் ஊராகக் கோவில்களைச் சுற்றினார். உடம்பெல்லாம் திருநீறு. அதைக் கண்ட கணபதி அக்கிரகாரத்து மக்கள், "பாபநாசம் சிவன்" என்று அழைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

மாட வீதியில்...

பிறகு சென்னைக்குக் குடிவந்தார். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோவில் மாட வீதிகளில் பஜனை பாடி வந்தார். கபாலி பவனி வரும் அழகைச் சொல்லும் "காணக் கண் கோடி வேண்டும்" என்ற காம்போதி ராகப் பாட்டு அவர் எழுதியதுதான்.

வடமொழிக்கு அகராதியே தொகுத்த பண்டிதர் அவர். ஆனால் பாட்டில் எளிய தமிழ்! தெருவில் நடந்துகொண்டே பத்துப் பேர் சேர்ந்து பாட வேண்டும் அல்லவா?

அடையாறு கலாக்ஷேத்திராவில் இசை ஆசிரியராக இருந்தார். டி.கே.பட்டம்மாள் அவரிடம் பாடம் கேட்டவர். கல்கியின் "தியாக பூமி" படத்தில் (1939) சம்பு சாஸ்திரியாக நடித்தவரும் சிவனே!

பாக்கின் கதை

மேல்நாட்டு மேதை பாக்குக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. ஜெர்மனியில், லைப்சிக் நகரின் புனித தோமையார் ஆலயத்தில் 1723 முதல் 1750-ல் சாகும்வரை பணியாற்றினார். (நம் மயிலையிலும் தோமையார் பெயரில் சாந்தோம் இருக்கிறது!) ஞாயிறு வழிபாட்டுக்காகப் பாட்டு எழுதிக் குவித்தார். மறைந்த பின் பெயர் இருந்தது. பெரிய படைப்புகள் பல தூங்கின. 1829-ல் மெண்டல்சன் என்ற 20 வயது வாலிபர், பாக்கின் "மத்தேயு" இசைக் காவியத்தைப் பெர்லினில் அரங்கேற்றினார். அப்போதுதான் ஐரோப்பா விழித்துக்கொண்டது.

சிவனின் பாட்டு தூங்கவே இல்லை. பெயர்தான் பின்தங்கிவிட்டது. சினிமா ரசிகர்களுக்கு அது பாகவதர் பாட்டு. சபாவில் கேட்பவர்களுக்குப் பாடும் வித்வானின் பாட்டு!

இதில் சிவனுக்கும் பங்கு உண்டு. கீர்த்தனைகளில் அவர் வைத்துக்கொண்ட முத்திரை, ஊர் அறிந்த பெயர் அல்ல.

1971-ல் மியூசிக் அகாடமி "சங்கீத கலாநிதி" விருது தந்தது. 1972-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1973 அக்டோபர் 1-ந்தேதி காலமானார்.

மார்கழியில் மாட வீதிப் பக்கம் போனால் இன்றும் சிவன் பாட்டுகளைப் பாடி வரும் கோஷ்டியைப் பார்க்கலாம். கூடவே நாலு அடி நடந்து போங்கள். சரணம் முடியும் இடத்தில் கவனமாகக் காது கொடுங்கள். பல பாட்டுகளில் "ராமதாசன்" என்று வரும். அவர்தான் இவர்!