அதிபரின் ட்வீட்டும் 1965இன் சூத்திரமும்

2020 ஜூலை 8, கொரோனா பெருந்தொற்றுக் காலம். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் நான்கு மாதம். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் நார்வேயிலும் சுவீடனிலும் பள்ளிகள் திறந்திருக்கின்றன, இங்கே மட்டும் ஏன் மூடிக் கிடக்க வேண்டும் என்று டொனால்ட் டிரம்ப் ட்விட்டரில் சீறினார். திறக்காத பள்ளிகளுக்கு நிதியை வெட்டிவிடுவேன் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. ஐந்து நாள் கழித்து லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்ற இரண்டு பெரும் நகரங்களும் புதிய கல்வியாண்டை ஆன்லைனில்தான் தொடங்குவோம் என்று அறிவித்தன. அவற்றின் நிதி வெட்டப்படவில்லை.

உலகிலேயே அதிக அதிகாரம் படைத்தவர் என்று சொல்லப்படும் ஒருவரால் ஒரு நகரத்துப் பள்ளியின் பணத்தை நிறுத்த முடியவில்லை. அது ஏன் என்று பார்க்கப் போனால், அரசியலைவிடக் கணக்குதான் அதிகம் வருகிறது.

அமெரிக்க அரசியலமைப்பில் கல்வியைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. பள்ளிகளை நடத்துவது மாநிலங்களும், 'பள்ளி மாவட்டம்' எனப்படும் சுமார் 13,000 உள்ளூர் அமைப்புகளும்தான். பள்ளி மாவட்டம் என்றதும் நம் ஊர் வருவாய் மாவட்டத்தை நினைக்க வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, தனி வரி, தனிப் பாடத்திட்டம் என்று இயங்கும் சின்னஞ்சிறு அரசு அது. தொற்றுக்கு முன் பள்ளிச் செலவில் வாஷிங்டனின் பங்கு நூற்றுக்குச் சுமார் எட்டுதான். மிச்சமெல்லாம் மாநில வரியும் உள்ளூர்ச் சொத்து வரியும். நடுவண் கல்வித் துறை என்று ஒன்று தனியாக உருவானதே ஜிம்மி கார்ட்டர் காலத்தில், 1979இல்.

அந்த எட்டுப் பங்கிலும் பெரும்பகுதி ஓர் அமைச்சரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் பணம் இல்லை. அது சூத்திரங்களின்படி தானாகப் பிரிந்து போகும். அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு வயது அறுபது.

லிண்டன் ஜான்சன் 1965 ஏப்ரல் 11 அன்று, தான் சிறுவயதில் படித்த டெக்சாஸ் மாநிலத்து ஓரறைப் பள்ளிக்கூடத்தின் வாசலில் மேசை போட்டு, தனக்கு முதலில் எழுத்தறிவித்த ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இளைஞராக இருந்தபோது கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர். சட்டத்தின் முதல் பகுதி, 'டைட்டில் ஒன்', ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் தருவதற்கானது.

கணக்கு இப்படி. ஒரு பள்ளி மாவட்டத்தில் 5 முதல் 17 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழே எத்தனை பேர்? குறைந்தது 10 பேர் இருந்து, அது மொத்தத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டினால் அடிப்படை நிதி உண்டு. எண்ணிக்கை 6,500ஐயோ விழுக்காடு 15ஐயோ தாண்டினால் இன்னொரு நிதியும் சேரும். வறுமை செறிய செறிய எடை கூட்டும் வேறு இரண்டு கணக்குகளும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன. இப்படி எண்ணிய தலைகளை, அந்த மாநிலம் ஒரு மாணவருக்குச் சராசரியாகச் செலவிடும் தொகையின் 40 விழுக்காட்டால் பெருக்க வேண்டும். விந்தை இங்கேதான் தொடங்குகிறது. வசதியான கனெக்டிகட் மாநிலம் தன் பிள்ளைகளுக்கு அதிகம் செலவிடுவதால், அங்குள்ள ஏழைக் குழந்தைக்கு மிசிசிப்பியின் ஏழைக் குழந்தையைவிட அதிக மதிப்பு. இடைவெளி எல்லை மீறாமலிருக்க மேலும் கீழும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, சிறிய மாநிலங்களுக்குக் குறைந்தபட்சத் தொகை உறுதி. அதன் விளைவாக, ஓர் ஏழைக் குழந்தைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வெர்மான்ட் மாநிலம் ஐடஹோவைப்போல் இருமடங்குக்கு மேல் பெறுகிறது. செனட்டில் சிறிய மாநிலத்துக்கும் இரண்டு வாக்கு, பெரிய மாநிலத்துக்கும் இரண்டு வாக்கு என்பதை நினைத்துக்கொண்டால் இதில் புதிர் ஏதுமில்லை.

சரி, ஏழைப் பிள்ளைகளை யார் எண்ணுகிறார்கள்? வீடு வீடாக யாரும் போவதில்லை. கணக்கெடுப்புத் துறையின் மாதிரி ஆய்வு, வருமான வரிப் படிவங்கள், உணவு உதவி பெறுவோர் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்துப் புள்ளியியல் முறையில் மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு தயாராகிப் பணமாக மாறுவதற்குள் ஓரிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

இந்தத் தாமதம் 2020இல் ஒரு வேடிக்கையை உண்டாக்கியது. மார்ச் 27 அன்று 2.2 லட்சம் கோடி டாலர் மதிப்பிலான 'கேர்ஸ்' நிவாரணச் சட்டம் வந்தது. அதில் பள்ளிகளுக்கு 1,320 கோடி டாலர். எப்படிப் பங்கிடுவது? நாடே பூட்டிக் கிடக்கும்போது புது வாய்க்கால் வெட்ட யாருக்கும் நேரமில்லை. இருக்கிற வாய்க்காலிலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். டைட்டில் ஒன் நிதியில் யாருக்கு எத்தனை பங்கோ, நிவாரணத்திலும் அதே பங்கு. ஆக, பெருந்தொற்றில் வேலை போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. தொற்று வருவதற்கு முன் யார் ஏழை என்பதை வைத்துத்தான் தொற்றுக்கால நிவாரணம் போய்ச் சேர்ந்தது. குறைதான். ஆனாலும் அந்த மார்ச்சில் அதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கல்வி அமைச்சர் பெட்ஸி டிவாஸ் இந்தச் சூத்திரத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவ வேண்டும் என்று நெடுங்காலம் போராடியவர் அவர்; செனட்டில் ஐம்பதுக்கு ஐம்பது என்று நின்ற வாக்கெடுப்பில் துணை அதிபரின் ஒற்றை வாக்கால் அமைச்சரானவர். டைட்டில் ஒன் நடைமுறையில் தனியார் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. டிவாஸின் துறை, நிவாரணப் பணத்தில் தனியார் பள்ளிகளின் பங்கைப் பிரிக்கும்போது ஏழைகளை மட்டுமில்லாமல் எல்லா மாணவர்களையும் எண்ண வேண்டும் என்றது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு கற்பனை ஊரில் அது என்ன செய்யும் என்று பார்ப்போம். அரசுப் பள்ளிகளில் 9,000 பேர், தனியாரில் 1,000 பேர். ஏழைகளோ அரசுப் பள்ளியில் 1,900, தனியாரில் 100. ஏழைகளை மட்டும் எண்ணினால் பத்து லட்சம் டாலரில் தனியார் பங்கு 50,000. எல்லோரையும் எண்ணினால் ஒரு லட்சம். எண்ணும் முறையை மாற்றியதுமே பணம் இரட்டித்துவிட்டது. சட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

மாநிலங்களும் குடிமை உரிமை அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்திலும் கலிஃபோர்னியாவிலும் நீதிபதிகள் விதிக்குத் தடை போட்டார்கள். செப்டம்பர் 4 அன்று தலைநகரில் நீதிபதி டாப்னி ஃப்ரெட்ரிக் அதை அடியோடு ரத்து செய்தார். அவரை நியமித்தவர் டிரம்ப்தான். சில வாரங்களில் டிவாஸ் மேல்முறையீடு வேண்டாம் என்று விட்டுவிட்டார். தனியார் பள்ளிகளுக்குத் தர வேண்டுமென்றால் அதை நாடாளுமன்றம் தனியாக எழுத வேண்டும் என்றாயிற்று. டிசம்பரில் அது 275 கோடி டாலரைத் தனியாக எழுதியும் கொடுத்தது.

பள்ளி திறப்புக்கு நிபந்தனை போடும் முயற்சியும் அப்படியே முடிந்தது. ஜூலை இறுதியில் செனட்டின் குடியரசுக் கட்சியினர் வைத்த திட்டத்தில் பள்ளிகளுக்கு 7,000 கோடி டாலர் இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரடி வகுப்பு நடத்துவோருக்கு மட்டும். திட்டம் சட்டமாகவில்லை. இதற்கிடையே புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஜான் வாலண்ட், எந்தெந்தப் பள்ளி மாவட்டங்கள் திறக்கத் திட்டமிடுகின்றன என்று ஆராய்ந்தார். உள்ளூரில் தொற்று எவ்வளவு என்பதோடு அந்த முடிவுகளுக்குத் தொடர்பு தெரியவில்லை. 2016இல் அந்த ஊர் டிரம்புக்கு எவ்வளவு வாக்களித்தது என்பதோடு நல்ல தொடர்பு தெரிந்தது. கிருமிக்குக் கட்சி கிடையாது. பள்ளிக் குழுவுக்கு இருந்தது.

தேர்தல் முடிந்தது. பள்ளி நிவாரணமாக 2020 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்தில் 5,430 கோடி டாலர், 2021 மார்ச்சில் புதிய அதிபர் பைடன் கையெழுத்தில் சுமார் 12,200 கோடி. மூன்றாவது சட்டத்துக்கு ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட வாக்களிக்கவில்லை. ஆனாலும் இரண்டு அதிபர்கள் கையெழுத்திட்ட மூன்று சட்டங்களும் ஒரே டைட்டில் ஒன் விகிதத்தில்தான் பணத்தைப் பிரித்தன. மொத்தம் ஏறத்தாழ 19,000 கோடி டாலர்.

விகிதம் மாறாமல் தொகை மட்டும் பெருத்தால் என்னவாகும் என்பதை டெட்ராய்ட் நகரில் பார்க்கலாம். சுமார் 50,000 மாணவர்கள் உள்ள அந்த ஏழைப் பள்ளி மாவட்டத்துக்கு ஏறக்குறைய 127 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. பல்லாண்டுகளாக ஒழுகிக்கொண்டிருந்த கட்டடங்களைச் சீர்செய்ய அதில் பாதிக்கு மேல் ஒதுக்கினார்கள். எல்லையை ஒட்டிய வசதியான புறநகர்ப் பள்ளிகளுக்கு வந்தது இதில் சிறு பின்னம்.

பயன் இருந்ததா? 2022 தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணித மதிப்பெண் 8 புள்ளி சரிந்திருந்தது. 1990இல் இந்தத் தேர்வு வரிசை தொடங்கியதிலிருந்து அப்படியொரு சரிவு இல்லை. ஹார்வர்டின் தாமஸ் கேனும் ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டனும் 2024இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: மாணவருக்கு 1,000 டாலர் நிவாரணம் கிடைத்த இடங்களில் கணிதம் ஓர் ஆண்டுப் படிப்பில் நூற்றில் மூன்று பங்கு மீண்டது. சிறிய எண்தான். ஆனால் மூன்றாவது சட்டம் கற்றல் இழப்புக்கென்று கட்டாயமாக்கியதே பள்ளி மாவட்டத்தின் பங்கில் 20 விழுக்காடுதான். மிச்சம் காற்றோட்ட வசதிக்கும் மடிக்கணினிக்கும் சம்பளத்துக்கும் போகலாம். கூரைக்குச் செலவிட்ட பணம் கணக்குப் பாடத்தில் தெரியவில்லையே என்று கேட்பது முறையாகாது.

நிவாரணத்தை ஒதுக்கீடு செய்வதற்கான கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அதற்கடுத்த ஐந்தாம் வாரம் அடுத்த அதிபர் தேர்தல்.

டைட்டில் ஒன் நிதியையே மும்மடங்காக்குவேன் என்பது பைடனின் 2020 தேர்தல் வாக்குறுதி. அப்போது அது சுமார் 1,630 கோடி டாலர். மும்மடங்கென்றால் ஏறத்தாழ 4,900 கோடி. முதல் ஆண்டில் அவர் 3,650 கோடி கேட்டார், நாடாளுமன்றம் 1,750 கோடி கொடுத்தது. 2024ஆம் நிதியாண்டில் அது 1,840 கோடியில் நின்றது. நான்காண்டு விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 2020இல் இருந்ததைவிடக் குறைவு.